வலேரியின் மேஜையிலிருந்து போன கவிதை

கவிதை முடிவதில்லை, கவிஞன் அதைக் கைவிடுகிறான் என்ற கருத்து பால் வலேரியின் பெயரில் நம்மிடையே வழங்கிவருகிறது. ஆங்கிலத்தில் இதைச் சுருக்கிப் பரப்பியவர்களில் ஆடனும் ஒருவர். இரண்டு வகையானவர்கள் இதை எடுத்தாள்கிறார்கள். ஒருவர், எழுதிய மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டு, எந்தக் கவிதைதான் முடிகிறது என்று கேட்பவர். மற்றவர், பத்து வருஷமாக ஒரே நோட்டில் திருத்திக்கொண்டிருப்பவர். இன்னும் முடியவில்லை என்பதே அவருக்குத் தம் தரத்தின் அத்தாட்சி. முதலாமவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவரைக் காலம் கவனித்துக்கொள்ளும். இரண்டாமவர்தான் நம்முடைய சிறிய வட்டத்துக்கே உரிய நோய்.

நான் அறிந்த கவிஞர் ஒருவர் இப்படித்தான் இருந்தார். அவர் இறந்த பிறகு அவருடைய நோட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. பதினைந்து வருஷ வேலை. வீட்டார்மேல் குற்றமில்லை; அவை என்ன என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. வலேரியை எடுத்துச் சொல்லித்தான் அவர் எங்கள் வாயை அடைப்பார். ஆகவே வலேரி உண்மையில் என்ன சொன்னார், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார், அவருடைய கவிதைகள் எப்படி அச்சுக்குப் போயின என்று பார்ப்பது வெறும் சரித்திர ஆர்வம் மட்டுமல்ல.

*

வலேரி 1871-ல் ஸெத் என்ற மத்தியதரைக்கடல் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கார்ஸிக வம்சாவளியினர், சுங்க இலாகாவில் வேலை. தாய் இத்தாலியர். மோன்பெலியேயில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, 1890-ல், பல்கலைக்கழகத்தின் 600-வது ஆண்டு விழாவையொட்டி பியேர் லூயிஸைத் தற்செயலாகச் சந்தித்தார். லூயிஸ் மூலம் ஆந்த்ரே ழீத், பிறகு பாரிஸில் மல்லார்மே. 1891-ல் லூயிஸ் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'லா கோன்க்', அதாவது சங்கு. அச்சிட்டது 100 பிரதிகள். அதன் முதல் இதழில் 'நார்ஸிஸ் பேசுகிறான்' வெளிவந்தது. வலேரிக்கு அப்போது வயது 19. தொடக்கமே சிறு பத்திரிகையில்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முக்கியமான கட்டங்களில் எல்லாம் அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது ஏதோ ஒரு பத்திரிகையோ அதைச் சேர்ந்த நண்பர்களோதான்.

1892 அக்டோபர் 4-ந் தேதி இரவு, ஜெனோவாவில் தாய்வழி உறவினர் வீட்டில், புயலும் மின்னலுமாக இருந்த ஒரு ராத்திரியில், இலக்கியம் உள்ளிட்ட தம் விக்கிரகங்களையெல்லாம் உடைத்துவிடுவதென்று வலேரி முடிவு செய்ததாகச் சொல்வார்கள். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஒருதலைக் காதல் ஒரு காரணம். மல்லார்மேயும் ராம்போவும் அடைந்துவிட்ட இடத்துக்குப் பிறகு தமக்கு என்ன மிச்சம் என்ற திகைப்பு இன்னொன்று. பூரணம் என்று ஒன்று இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டவனுக்கு, அதற்குக் கீழே எதையும் செய்யக் கை எழாது. அவருடைய மௌனத்துக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். சோம்பலும் இல்லை, கற்பனை வறட்சியும் இல்லை.

இந்த மௌனத்தைச் சுற்றி ஒரு புராணம் வளர்ந்திருக்கிறது. இருபது வருஷம் அவர் ஒன்றுமே எழுதவில்லை என்பார்கள். அது சரியல்ல. 1895-ல் லியனார்டோ டாவின்சியின் முறை பற்றிய கட்டுரை வந்தது. 1896-ல் 'முஸ்யே தெஸ்தோடு ஒரு மாலை'. அதே வருஷம் 'லெ ஸாந்தோர்' பத்திரிகையில் இரண்டு கவிதைகள். 1900-ல் 'லா ப்ளூம்' பத்திரிகையில் இன்னொன்று. 1894 முதல் தினந்தோறும் விடியற்காலையில் எழுந்து நோட்டுகளில் எழுதினார். மொழி, கவனம், ஞாபகம், கணிதம், கனவு என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதினார். 1945-ல் சாகும்வரை இது நிற்கவில்லை. 261 நோட்டுகள், ஏறத்தாழ 26,600 பக்கங்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வெளியே விடுவதைத்தான் ஏறக்குறைய நிறுத்தினார். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் அந்தக் காலத்தை மௌனம் என்கிறோம்.

பிழைப்புக்கு முதலில் யுத்த மந்திரி காரியாலயத்தில் குமாஸ்தா வேலை. 1900-லிருந்து ஹவாஸ் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த எதுவார் லெபே என்பவருக்கு அந்தரங்கக் காரியதரிசி. லெபே நோயாளி. தினம் சில மணி நேரம் அவருக்குப் படித்துக் காட்டுவதும் அவருடைய விவகாரங்களைக் கவனிப்பதும்தான் வேலை. மிச்ச நேரம் வலேரிக்குச் சொந்தம். ஒரு கவிதையையும் யாருக்கும் கொடுக்காமல் காலம் தள்ள இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

*

பூரணம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை வலேரி மிக அருகிலிருந்து பார்த்தவர். 1897-ல் மல்லார்மே தம் 'பகடை வீச்சு' கவிதையை அவருக்குக் காட்டினார். பக்கத்தின் வெண்மையையே யாப்பின் பகுதியாக்கிய அந்தக் கவிதை அந்த வருஷம் மே மாதம் 'கோஸ்மோபோலிஸ்' பத்திரிகையில் வந்தது. ஆனால் மல்லார்மே விரும்பிய பெரிய அளவுப் பக்கங்களில் அல்ல. அந்த உருவத்தில் அதை அச்சிட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் உயிரோடிருக்கும்போது அது நடக்கவில்லை. புத்தகம் 1914-ல்தான் வந்தது.

1898 செப்டம்பர் 8-ந் தேதி தொண்டை அடைத்து மூச்சு முட்டியபோது, மனைவிக்கும் மகளுக்கும் மல்லார்மே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகிதங்களை எரித்துவிடுங்கள், அவற்றில் இலக்கியச் சொத்து என்று ஒன்றும் இல்லை என்று. மறுநாள் இறந்தார். உலகத்தையே ஒரு நூலுக்குள் கொண்டுவரும் 'புத்தகம்' ஒன்றை அவர் பல வருஷங்களாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். எஞ்சியவை குறிப்புகள்தாம். அவை எரிக்கப்படவில்லை, 1957-ல் அச்சேறின. அடக்கத்தின்போது இளங்கவிகள் சார்பில் பேச வந்த வலேரியால் பேச முடியவில்லை.

ஆசானின் இந்த முடிவு சிஷ்யனுக்கு ஒரு பாடமாக அமைந்திருக்க வேண்டும். அமையவில்லை. இன்னும் பதினான்கு வருஷங்கள் அவர் தம் பழைய கவிதைகளைத் தொடவில்லை.

*

1912-ல் ழீத்தும் காஸ்தோன் காலிமாரும் வலேரியை விடாமல் நச்சரித்தார்கள். காலிமார் அப்போது 'நுவெல் ரெவ்யு பிரான்ஸேஸ்' பத்திரிகையின் பதிப்பகத்தை நடத்திக்கொண்டிருந்தார். பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த இளமைக்காலக் கவிதைகளைத் தொகுத்துக் கொடு என்பது கோரிக்கை. வலேரி மறுத்தார். அவர்கள் தாங்களே தேடி எடுத்து டைப் செய்து அவர் முன்னால் வைத்துவிட்டார்கள். தம்முடைய வரிகளை அந்நியனுடைய வரிகளைப் போல, கொஞ்சம் பகைமையோடுகூடப் பார்த்ததாக வலேரி பின்னால் எழுதியிருக்கிறார். பிடிக்காத ஒரு சொல்லை மாற்றினார். பிறகு இன்னொன்றை. அப்படியே மாட்டிக்கொண்டார்.

தொகுப்பின் இறுதியில் கவிதைக்கு விடைகொடுப்பதாக முப்பது நாற்பது வரியில் ஒன்று எழுதிச் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தார். அது வளர்ந்து, நான்கு வருஷம் ஓடி, யுத்தத்தின் நடுவே, 1917 ஏப்ரலில், 512 வரிகள் கொண்ட 'இளம் விதிதேவி'யாக வெளிவந்தது. அச்சிட்டது 600 பிரதிகள். ழீத்துக்கு எழுதிய சமர்ப்பணத்தில் இதை ஒரு பயிற்சி என்றுதான் குறிப்பிடுகிறார். பொய்யடக்கம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவியம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்திருந்தால் பழைய பயம் திரும்ப வந்திருக்கும். பயிற்சி என்று பெயர் வைத்ததால்தான் அவரால் எழுத முடிந்தது. பயிற்சி என்பதால்தான் அதை வெளியே விடவும் முடிந்தது. கவிதைக்கு விடைகொடுக்கப் போனவர் திரும்ப வந்துவிட்டார்.

'பழைய செய்யுள்களின் தொகுப்பு' 1920-ல் அத்ரியென் மொன்னியேயின் புத்தகக் கடை வெளியீடாக வந்தது. அட்டையில் 1890–1900 என்று வருஷம் போட்டிருக்கும். உள்ளே இருப்பவற்றில் பல, நாற்பது வயதுக்கு மேல் திருத்தி எழுதப்பட்டவை. பத்தொன்பது வயதுப் பையன் எழுதியதை நாற்பத்தெட்டு வயதுக்காரர் சீர்செய்து, பையன் பெயரிலேயே தேதி போட்டிருக்கிறார். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பூரண வேட்கை சரித்திரத்தைக்கூட விட்டுவைக்காது என்பதற்கு இது ஒரு சாட்சி. சங்கு இதழின் 100 பிரதிகளில் எஞ்சியவைதான் அந்தப் பையனுக்கு ஆதாரம். அச்சாகாமல் நோட்டிலேயே கிடந்திருந்தால் அவன் அடையாளமில்லாமல் அழிந்திருப்பான் — வேறு யாராலும் அல்ல, தன்னாலேயே.

*

அதே 1920-ல்தான் நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது. ழாக் ரிவியேர் அப்போது 'நுவெல் ரெவ்யு பிரான்ஸேஸ்' ஆசிரியர். யுத்தத்தில் ஜெர்மனியில் கைதியாக இருந்து திரும்பியவர். ஐந்து வருஷம் நின்றுபோயிருந்த பத்திரிகை 1919 ஜூனில் மறுபடி தொடங்கியிருந்தது. ஒரு பிற்பகல் அவர் வலேரியைப் பார்க்கப் போனார். வலேரியின் கையில் ஒரு கவிதை இருந்தது. சொல்லோ பொருளோ இல்லாமல், பத்து அசை கொண்ட ஒரு தாளமாக மட்டும் தலைக்குள் ஆரம்பித்த கவிதை. பிரெஞ்சில் பன்னிரண்டு அசை வரிக்குத்தான் கௌரவம்; மற்றதற்கு அந்த பலத்தைக் கொடுக்க முடியுமா என்பது அவர் தமக்கு விடுத்துக்கொண்ட சவால். ஆறு வரிச் செய்யுள்கள். எதை நீக்கலாம், எதை மாற்றலாம், எதை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த கட்டம். ரிவியேர் படிக்கக் கேட்டார். படித்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1920 ஜூன் இதழில் 'கடலோர மயானம்' வந்தது.

பதின்மூன்று வருஷம் கழித்து இதை நினைவுகூர்ந்த வலேரி, பத்திரிகாசிரியர்களின் தீர்மான சக்தியைப் பற்றி ஒரு கிண்டலும் செய்கிறார். தம் கவிதையின் உருவத்தை நிர்ணயித்தது ஒரு விபத்து என்கிறார். இருபதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கவிதைகளில் மிக அதிகமாக விளக்கப்பட்டவற்றுள் ஒன்று, ஒருவர் அன்றைக்கு வந்ததால் அந்த உருவத்தில் நிற்கிறது. அடுத்த வாரம் வந்திருந்தால் வேறு உருவம். வராமலே இருந்திருந்தால்? நார்ஸிஸின் கதி நமக்குத் தெரியும். 1890-ல் தொடங்கிய விஷயம், 1922-ல் 'சார்ம்' தொகுப்பிலும் துண்டுகளாகத்தான் இருந்தது. 1930-களின் இறுதியில் இசை நாடகத்துக்காக மறுபடி அதையே எடுத்தார். 'தேவதூதன்' என்ற சிறிய உரைநடைக் கவிதையை 1921-ல் ஆரம்பித்து 1945 மே மாதம்தான் கீழே வைத்தார், ஜூலையில் இறந்துவிட்டார்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1921-ல் வந்த 'யூபாலினோஸ்' உரையாடல் ஒரு கட்டடக்கலை ஆல்பத்துக்காகக் கேட்டு வாங்கப்பட்டது. பக்க அமைப்பு முன்பே தீர்மானமாகிவிட்டதால் அவருக்கு விதித்த அளவு 115,800 எழுத்துகள். கூடாது, குறையாது. அந்தக் கணக்குக்குள் அவர் எழுதியது அவருடைய மிகச் சிறந்த உரைநடைகளில் ஒன்று. வெளியிலிருந்து ஒரு எல்லைக்கோடு விழுந்தபோதெல்லாம் வலேரி முடித்திருக்கிறார். எல்லையைத் தாமே போட வேண்டியிருந்தபோது முடிக்கவில்லை.

*

இப்போது அந்தப் புகழ்பெற்ற கருத்துக்கு வரலாம். அது தனி வாக்கியமாகப் பிறந்ததல்ல. 1928-ல் குஸ்தாவ் கொயேன் சோர்போனில் 'கடலோர மயான'த்தைப் பாடமாக நடத்தினார். வலேரியும் போய் உட்கார்ந்து கேட்டார். உயிரோடிருக்கும்போதே தம்மைச் செத்தவர்கள் வரிசையில் வைத்துப் பார்ப்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. அந்த விளக்கம் புத்தகமானபோது, 1933-ல், முன்னுரை எழுதினார். அதில்தான் ரிவியேர் கதை வருகிறது. கைவிடுதல் பற்றிய பேச்சும் அங்கேதான்.

அவர் சொல்வதன் சாரம்: தீராத உழைப்பில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு 'முடிந்தது' என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை; அவர்களுக்குக் கவிதை கைவிடப்படுவது மட்டுமே; அது நெருப்புக்குப் போனாலும் வாசகனுக்குப் போனாலும், களைப்பால் போனாலும் கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தால் போனாலும், அது ஒரு விபத்தே. எடுத்தாள்பவர்கள் விட்டுவிடும் பகுதி இது. நெருப்பா, வாசகனா என்பதை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். மூன்றாவதாக நோட்டு என்று ஒன்றை அவர் சொல்லவில்லை. நோட்டில் கிடப்பது கைவிடுதல் ஆகாது. அது பற்றுதல்.

அதே முன்னுரையில் இன்னொரு துறவும் இருக்கிறது. ஒரு பிரதிக்கு இதுதான் மெய்யான பொருள் என்று எதுவுமில்லை, ஆசிரியனுக்கும் அதில் தனி அதிகாரம் கிடையாது, அச்சானபின் அது யாரும் தம் இஷ்டப்படி கையாளக்கூடிய கருவி என்கிறார். உருவத்தின்மீது கடைசிச் சொல் தம்முடையதல்ல என்று ரிவியேரிடம் கற்றவர், பொருளின்மீதும் அப்படியே என்று கொயேனிடம் ஒப்புக்கொள்கிறார். முதல் துறவு இல்லாமல் இரண்டாவது வராது.

நம் பழைய கவிகள் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடினார்கள். நாம் அதைச் சம்பிரதாயம் என்று புரட்டிக்கொண்டு போகிறோம். குறையுள்ளதுதான், ஆனாலும் சபைக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு கவி ஒப்புக்கொள்வது சின்ன விஷயமல்ல. அதன் பிறகு அரங்கேற்றம். ஒரு நாள், ஒரு இடம், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். நூல் முடிந்தது என்பதை நூலாசிரியன் தனியாகத் தீர்மானிக்கவில்லை. அச்சு வந்தபின் அந்தச் சபை போய்விட்டது. அதனிடத்தில் இருக்க வேண்டியது பத்திரிகை. இதழ் வரவேண்டிய தேதியும், பக்கம் காலியாக இருக்கிறது என்ற அவசரமும் இலக்கியத்துக்குப் புறம்பான தொந்தரவுகள் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். வலேரியின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அவை படைப்பின் கடைசிக் கட்டம்.

இதனால் அரைகுறையாக எழுதி அனுப்பலாம் என்று ஆகாது. ரிவியேர் எடுத்துக்கொண்டு போனது நேற்று எழுதியதையல்ல. கைவிடுவதற்கு முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவு உழைத்தவனுக்கே கைவிடும் உரிமை. நான் சொல்வது, அவ்வளவு உழைத்தவனால் தானாகக் கைவிட முடியாது என்பதைத்தான். அதற்கு இன்னொருவர் வேண்டும்.

வலேரி 1945 ஜூலை 20-ல் பாரிஸில் இறந்தார். அரசு மரியாதை நடந்தது. பிறகு ஸெத்தில் கடலைப் பார்த்திருக்கும் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த மயானத்துக்கே கவிதையின் பெயரை வைத்துவிட்டார்கள். கல்லறையில் அந்தக் கவிதையின் முதல் செய்யுளிலிருந்து இரண்டு வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்னும் ஆகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த பிரதியிலிருந்து வந்தவை. கல்லில் இனி அவர் கைவைக்க முடியாது.

என் நண்பரின் நோட்டு மேஜைமேல்தான் இருக்கும். நாங்கள் பலரும் போவோம். படித்துக் காட்டுவார். நன்றாக இருக்கிறது, பத்திரிகைக்குக் கொடுங்கள் என்போம். இன்னும் ஆகவில்லை என்பார். நாங்களும் மரியாதையாக அதை அவர் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு வருவோம். பதினைந்து வருஷம் அந்த மரியாதையைக் காப்பாற்றினோம். ஒரு பிற்பகல், ஒருவராவது, அதை எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம்.